காதறுந்த பனித்துண்டு

9-1-2016, சனி

பேத்தி எழில்மதி கோவாவிலிருந்து வந்துவிட்டாள். பொங்கல் லீவு. இளைத்துப் போயிருக்கிறாள். வந்ததும் வராததுமாகக் கம்ப்யூட்டரைத் திறந்து வைத்துக்கொண்டாள்.

"என்னாடி இது, அனல்மின் நிலையத்துச் சாம்பலக் கொட்டி வெச்ச மாதிரி?"

"வடதுருவத்துக் கடலு ஆயா. மேல பனியா உறைஞ்சி கெடக்குது. சேட்டிலைட்டு எடுத்த படம்."

அங்கே இப்போது மாசக்கணக்காக இருட்டாம். இருட்டு, மேகம் எதுவும் அந்த சேட்டிலைட்டுக்கு மறைக்காதாம். அலையை அனுப்பி, திரும்பி வருவதை வைத்துப் பார்க்குமாம். நல்லவேளை, அது எங்கள் டவுன்ஷிப் பிளாக்கைப் பார்க்கவில்லை.

10-1-2016, ஞாயிறு

இவள் ஆராய்ச்சியே இதுதான். இன்று ஒரு படம், மறுநாள் ஒரு படம். முதல் படத்தில் இருக்கிற பனித்துண்டை அடுத்ததில் தேடிப் பிடித்தால் எவ்வளவு தூரம் நகர்ந்தது என்று தெரியும். கம்ப்யூட்டரும் தேடும். சில நேரம் ஏமாந்துவிடும்.

நான் முகம் மாதிரி ஒன்றைப் பிடித்தேன். "இந்தா, இடது காது அறுந்தது. இங்க இருந்தது, இங்க வந்துட்டுது பாரு."

அளந்தாள். எட்டரை கிலோமீட்டர். "ஆயா! இதத்தான் கம்ப்யூட்டரு கோட்ட வுட்டுடுச்சி!" என்று கன்னத்தைக் கிள்ளினாள்.

தனகோட்டிக்கும் இடது காது அப்படித்தான். ஆறு வயசில் கருவேல முள்ளில் தோடு மாட்டி அறுந்தது. என் மகள், இவளைப் பெற்றவள். அதை இவளிடம் சொல்லவில்லை.

12-1-2016, செவ்வாய்

பக்கத்து வீட்டு விருத்தாம்பாள் கரும்பு கொடுத்தனுப்பினாள். திருப்பி அனுப்பினேன். 1988இல் ரேஷன் வரிசையில் நாலு பேர் முன்னால் "உம் பொண்ணு ஓடிட்டாளாமே" என்றவள். அதற்கும் ஒரு கரும்பா?

13-1-2016, புதன்

எழுதினால் மனசு அடங்குமா?

எழில்மதி வாசலில் நின்று போன் பேசிக்கொண்டிருந்தாள். காதில் விழுந்தது. "பாய் பேசியே நாலு நாளாச்சு சார். ஏதாச்சும் ஆயிருக்குமோன்னு பயமா இருக்கு." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஒரு பையனுக்காக!

எனக்கு 1988 ஆவணி எட்டாம் தேதி கண் முன்னால் வந்து நின்றது. தனகோட்டியும் அன்று இப்படித்தான் கண்ணைத் துடைத்தாள். மறுநாள் வீட்டில் இல்லை.

"எவன்டி அந்தப் பாயி? போனா போறான்னு வுடு. உங்கம்மா போன அன்னிக்கே அவளத் தலமுழுகினேன். அவ சாவக்கெடக்கிறான்னு ஆளு வந்து சொன்னப்பகூட நான் போவுல. உன்னையும் முழுவிட்டு நிப்பேன்!"

அவள் என்னையே பார்த்தாள்.

"போவுலியா? நீதான் மடியில வெச்சிக்கினு இருந்தன்னு சொன்ன?"

ஆமாம். அப்படித்தான் சொல்லி வளர்த்தேன். மஞ்சள் காமாலை, கடைசி மடக்குத் தண்ணி நான்தான் ஊற்றினேன் என்று. இருபத்தைந்து வருஷம் காத்த பொய்யை ஒரு மூச்சில் நானே உடைத்தேன்.

14-1-2016, போகி

விடிந்ததும் பஸ் ஏறிவிட்டாள். பொங்கல் பானை வாங்கி வைத்தது அப்படியே இருக்கிறது.

17-1-2016, ஞாயிறு

என் மகன் நெடுமாறன் ஷிப்ட் முடிந்து வந்தான். அவளோடு போனில் பேசினானாம்.

"எம்மா, பாயின்னா ஆளு இல்லம்மா. இங்கிலீஷ்ல மிதவையத்தான் அப்படிச் சொல்றது. பனி மேல வெச்சிருக்காங்க. இருக்கிற எடத்த அதுவே சொல்லிக்கினே இருக்கும். படத்துல அளந்தது சரியான்னு அத வெச்சித்தான் பாக்கணும். அது பேசலன்னா அவ ஆராய்ச்சி நடுவுல நிக்குது."

நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

"அதுக்குக்கூட கோவமில்ல அவளுக்கு. அக்காவப் பத்தித்தான் கேட்டா. நடந்தத சொல்லிட்டேன், அக்கா செத்தப்புறம் நான் போயி அவளக் கைக்கொழந்தையாத் தூக்கியாந்தது வரைக்கும்."

2-2-2016, செவ்வாய்

எழில்மதியைப் போனில் மூன்று தடவை கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

15-2-2016, திங்கள்

தனகோட்டி வாழ்ந்தது சேத்தியாத்தோப்பில். இங்கிருந்து இருபத்தைந்து கிலோமீட்டர் இருக்கும். பனி மூன்று நாளில் போகிற தூரம். காலில்லாத பனி. அவள் சாகும்வரை மூன்று வருஷம் நான் போகவில்லை. மனசு உறைந்து கிடந்ததை வைராக்கியம் என்று சொல்லிக்கொண்டேன்.

17-3-2016, வியாழன்

நெடுமாறன் போனுக்கு எழில்மதி இரண்டு படம் அனுப்பியிருக்கிறாள். பாய் பேச்சு நின்றதற்கு முதல் நாள் ஒன்று, மறுநாள் ஒன்று. கீழே ஒரு வரி: "ஆயாவப் பாக்கச் சொல்லுங்க மாமா." எனக்கென்று ஒரு வார்த்தை இல்லை.

முதல் படத்தில் உடனே தெரிந்தது. அதே காதறுந்த துண்டு. அதன் மேல்தான் பாய் இருந்ததாம்.

20-3-2016, ஞாயிறு

மூன்று நாள் பூதக்கண்ணாடி வைத்துத் தேடினேன். மூலை மூலையாகத் தேடினேன். எங்கும் பொடிப்பொடியாக நொறுங்கல்தான். நெடுமாறனிடம், இல்லை என்று சொல்லச் சொன்னேன்.

கொஞ்ச நேரத்தில் அவளே கூப்பிட்டாள்.

"நல்லா தேடினியா ஆயா?"

"மூணு நாளு தேடினன்டி. ஒடஞ்சிப் போயிருக்குது."

"எனக்கும் கெடைக்கல."

தூரத்தில் மைன்ஸில் நிலக்கரிக்கு வெடி வைக்கிற சத்தம் கேட்டது.

"அம்மாவ?"

"தேடல," என்றேன்.

அவள் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.