உளுந்து விதைச் செய்தி

அன்புள்ள சபியுல்லா,

பதினேழு வருடத்துக்கு முன் என் செய்தியைத் தட்டச்சு செய்து நீ கொடுத்த குறுந்தகடு அலமாரியில் கிடைத்தது. கீறல் விழுந்திருந்தது. பஸ் ஸ்டாண்ட் பக்கம் கணினி பழுதுபார்க்கும் ரூபி அதிலிருந்து ஃபைலை மீட்டாள். திறந்தால், அன்று அலுவலகத்தில் பார்த்ததுபோலவே முழுக்க ஆங்கில எழுத்துக் குப்பை.

"பாத்தியாம்மா, வேணும்னே கெடுத்திருக்கான்" என்றேன்.

"ஒண்ணும் கெடல அண்ணாச்சி. வேற ஃபாண்டுல டைப் பண்ணிருக்காவ. இத்தன வருசம் பேப்பர்ல இருக்கீய, இது தெரியலையா?" என்று சிரித்தாள். எழுத்துருவை மாற்றினாள். இடைசெவல் விவசாயிகள் விதைத்து முளைக்காமல் போன உளுந்து பற்றிய செய்தி, ஒரு எழுத்துக் குறையாமல் வந்து நின்றது.

விதை விற்ற கடை உன் மச்சானுடையது. அவரைக் காப்பாற்ற நீ ஃபைலைக் கெடுத்துவிட்டாய் என்று ஊர் முழுக்கச் சொன்னேன். எந்த ஃபாண்ட் என்று உன்னிடம் ஒரு போன் போட்டுக் கேட்கவில்லை. அந்தச் செய்தி பேப்பரில் வரவேயில்லை.

இன்னொன்றும் பார்த்தேன். உனக்குச் சங்கடம் வேண்டாமென்று நான் 'ஒரு கடை' என்றுதான் எழுதிக் கொடுத்திருந்தேன். அந்த இடத்தில் நீ மச்சானின் பெயரையும் கடைப் பெயரையும் சேர்த்திருக்கிறாய்.

சொன்ன இடங்களிலெல்லாம் திருத்திச் சொல்லத் தொடங்கிவிட்டேன். இன்று டீக்கடையில் ஆறு பேரிடம் சொன்னேன்.

ஞாயிறு காலை உன் வீட்டுக்கு வருகிறேன். திட்டுவதாக இருந்தால் உள்ளே கூப்பிடாதே. வாசலிலேயே திட்டு, தெரு கேட்கட்டும்.

இப்படிக்கு,
உன்னைப் பற்றித் தப்பாகச் செய்தி சொன்னவன்