அண்ணன் பெயரில் ஒரு சேனல்

தூத்துக்குடி
12.10.2025

அன்புள்ள கிருபை மைனிக்கு,

ஜெயஷீலா எழுதுவது. இங்கே நாங்கள் எல்லோரும் சுகம். நீங்களும் ஈவாவும் கோயம்புத்தூரில் ஆண்டவருடைய காவலில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன் மணி அடித்தாலே உங்களுக்குப் படபடப்பு வந்துவிடுகிறது என்று ஈவா சொன்னாள். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். எனக்கும் ஒருவகையில் இதுதான் நல்லது. நாள் முழுக்க போலீஸ் கண்ட்ரோல் ரூமில் மைக்கைப் பிடித்துக் கத்திவிட்டு வருகிறவளுக்கு, வீட்டுக்கு வந்து வாயைத் திறக்கத் தெம்பு இருப்பதில்லை.

நாசரேத்தில் அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. மாத்திரையைத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைத்துவிட்டு, சாப்பிட்டாச்சு என்று சாதிக்கிறார்கள். மழை இன்னும் ஆரம்பிக்கவில்லை. ஆனால் வானம் கொஞ்சம் கறுத்தாலும் வாசல் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்கிறார்கள். உள்ளே வாருங்கள் என்றால் வருவதில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஆபீஸிலிருந்து உங்களிடம் ஒரு சம்மதம் கேட்டு வாங்கச் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் மாவட்டத்தில் போலீஸுக்கு ஒரு வயர்லெஸ், தீயணைப்புக்கு ஒன்று, கடலோர ஊர்களில் படகுகளுக்கு ஒன்று. ஆம்புலன்ஸுக்கு அதுவும் இல்லை, வெறும் செல்போன்தான். ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. இரண்டு வருஷத்துக்கு முன்பு வந்த வெள்ளத்தன்று செல்போன் டவர்கள் எல்லாம் படுத்துவிட்டன. ஆத்தூர் ரோட்டில் சிறுபாலம் அடித்துக்கொண்டு போய்விட்டது, யாரும் வரவேண்டாம் என்று நான்தான் மைக்கில் சொன்னேன். திரும்பத் திரும்பச் சொன்னேன். எல்லா ஸ்டேஷனுக்கும் கேட்டது. டிரஸ்ட் ஆம்புலன்ஸில் நோயாளியை ஏற்றிக்கொண்டு அதே ரோட்டில் வந்துகொண்டிருந்த என் அண்ணனுக்கு, உங்கள் வீட்டுக்காரருக்கு, கேட்க வழியில்லை. அந்த நோயாளி பிழைத்துக்கொண்டார். இதெல்லாம் உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ஆனாலும் எதை எழுத ஆரம்பித்தாலும் இங்கேதான் வந்து நிற்கிறேன்.

இப்போது எல்லாத் துறைகளும் ஒன்றாகப் பேசவும் கேட்கவும் ஒரு பொது சேனல் ஏற்பாடாகியிருக்கிறது. ஆம்புலன்ஸ்களுக்கும் புது செட் வந்துவிட்டது. வருகிற மார்கழியில், வெள்ளம் வந்த அதே நாளில் திறப்பு விழா. அந்தச் சேனலை நடத்துகிற அறைக்கு நேசக்குமார் அண்ணன் பெயரை வைக்கப்போகிறார்கள். சேனலில் முதல் வார்த்தையை நீங்கள் பேசவேண்டும் என்று விரும்புகிறார்கள். நீங்கள் சம்மதம் என்று எழுதித் தந்தால்தான் கல்வெட்டுக்குக் கொடுப்பார்கள்.

யோசனை எங்கள் மேலதிகாரி லிங்கராஜ் சாருடையது. உங்களுக்கு நினைவிருக்கும், அடக்கத்தன்று எல்லோரும் போனபிறகும் கல்லறைத் தோட்டத்தில் நனைந்துகொண்டே நின்றவர். நல்ல மனுஷன். அம்மாவோ இப்போதே குருவானவரிடம் சொல்லி, சபை முழுக்கப் பரப்பிவிட்டார்கள். விழாவுக்கென்று சாம்பல் நிறத்தில் ஒரு புடவை எடுத்து, பிளவுஸும் தைக்கக் கொடுத்தாகிவிட்டது. அண்ணன் போனபிறகு அம்மா தனக்கென்று ஒன்று வாங்கியது இதுதான். எனக்கும் ஆசையாகத்தான் இருக்கிறது. அவசரம் இல்லை, யோசித்து எழுதுங்கள்.

ஈவாவுக்கு அத்தையின் முத்தங்கள்.

பிரியமுள்ள,
ஜெயஷீலா


தூத்துக்குடி
2.11.2025

அன்புள்ள மைனிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. சம்மதம் என்றும் எழுதவில்லை, இல்லை என்றும் எழுதவில்லை. இது உண்மையிலேயே வேலை செய்யுதா ஜெயா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். சேனலின் ஒத்திகை முடியட்டும், பார்த்துவிட்டே எழுதலாம் என்று இருந்தேன். ஒத்திகை முடிந்துவிட்டது. சொல்லுகிறேன்.

முதலில் சிரிக்கிற மாதிரி ஒன்று. எல்லாத் துறையையும் ஒரே சேனலில் விட்டதும், பேச வந்தவர்கள் எல்லோரும் வணக்கம் வைக்க ஆரம்பித்துவிட்டார்கள். கேட்டுக்கொண்டிருக்கிற ஒவ்வொரு அதிகாரிக்கும் பதவியைச் சொல்லித் தனித்தனியாக வணக்கம். யாரையாவது விட்டுவிட்டால் வம்பாகிவிடும் என்ற பயம். தீயணைப்பு தம்பி ஒருவன் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் அவன் சொல்ல வந்த செய்தியே மறந்துபோயிற்று. ஆலந்தலையில் படகுக்காரர்கள் சார்பாக செட் வைத்திருந்த இஞ்ஞாசி அண்ணாச்சிக்குப் பொறுக்கவில்லை. எய்யா, வணக்கமெல்லாம் கரைக்கு வந்து வைக்குதோம், தண்ணி எங்கன ஏறுது, அத மொதல்ல சொல்லுங்க என்று போட்டாரே ஒரு போடு. அதற்குப் பிறகுதான் ஒத்திகை ஒத்திகையாக நடந்தது.

கடைசியில் ஆம்புலன்ஸை அழைத்தோம். டிரஸ்ட் வண்டியை இப்போது பால்துரை என்கிற பையன் ஓட்டுகிறான். கூப்பிட்ட உடனே பதில் வந்தது. குரல் கண்ணாடி மாதிரி சுத்தமாக இருந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு மட்டும் என்னவோ உறுத்தியது. ஓடுகிற வண்டியிலிருந்து பேசினால் இரைச்சல் இருக்கும், குரல் விட்டுவிட்டு வரும். இருபது வருஷமாக இதையே கேட்டுக் கேட்டுக் காது புண்ணாகிப்போனவள் நான். போதாக்குறைக்கு, பால்துரை பேசும்போதே நடுவில் டொக், டொக் என்று ஒரு சத்தம். வேறு யாரோ செல்போனில் அழைத்தால் வருமே, அந்தச் சத்தம்.

எழுந்து பக்கத்து அறைக்குப் போனேன். அங்கே ஒரு கான்ஸ்டபிள் செல்போனை ஸ்பீக்கரில் போட்டு மைக்கின் வாயில் பிடித்துக்கொண்டு நிற்கிறான். பால்துரை போனில் பேசிக்கொண்டிருக்கிறான். புது செட் எங்கே என்று கேட்டால், டிரஸ்ட் ஆபீஸ் பீரோவில் இருக்கிறதாம். தொலைந்தால் யார் பதில் சொல்வது என்று பயந்து, பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல் பூட்டி வைத்திருக்கிறார்கள். தீயணைப்புக்காரர்களும் பாதிப் பேர் அப்படித்தானாம். முதல் நாளே போனில் எல்லாம் பேசி வைத்துக்கொண்டு, வயர்லெஸில் சும்மா ஒப்பித்திருக்கிறார்கள். யாரையும் ஏமாற்றவேண்டும் என்று செய்யவில்லை மைனி. நல்லபடியாக நடக்கவேண்டும் என்று செய்திருக்கிறார்கள். அதுதான் எனக்கு ஆயாசமாக இருக்கிறது. கோபப்படுவதற்குக்கூட ஆள் இல்லை.

போன்களை வாங்கி வைத்துவிட்டு மறுபடியும் ஒரு ஒத்திகை நடத்தவேண்டும் என்று லிங்கராஜ் சாரிடம் சொன்னேன். ஏம்மா ஜெயா, விழா நடந்தாத்தான் மேல உள்ளவங்க இங்கன திரும்பிப் பாப்பாங்க, பெறவு ஒவ்வொண்ணா சரி பண்ணிக்கிடலாம் என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனாலும் நான் விடவில்லை. கடைசியில், சரி, உனக்காக ஒரு தடவை என்று ஒத்துக்கொண்டார்.

அதுவரை நீங்கள் எதுவும் எழுதித் தரவேண்டாம். அம்மா போனில் உங்களை நச்சரித்தால், யோசிக்கிறேன் அத்தை என்று மட்டும் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஜெயஷீலா


தூத்துக்குடி
16.11.2025

அன்புள்ள மைனிக்கு,

இரண்டு நாளாக இங்கே மழை. பெரிய மழை இல்லை, பயப்படவேண்டாம். எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. பனங்கற்கண்டைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறேன்.

நேற்று இரண்டாவது ஒத்திகை நடந்தது. எல்லோருடைய போனையும் வாங்கி ஒரு பிளாஸ்டிக் வாளியில் போட்டோம். வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. புது செட்டைப் பீரோவிலிருந்து எடுத்து, நானே முந்தின நாள் போய் பால்துரையின் வண்டியில் மாட்டி, பேட்டரி ஏற்றி, எப்படிப் பேசவேண்டும் என்று சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தேன். நல்ல பையன். சொன்னதையெல்லாம் திருப்பிச் சொல்லிக் காட்டினான்.

ஏற்பாடு இதுதான். பால்துரை திருச்செந்தூரிலிருந்து கிளம்பி ஆத்தூர் வழியாக எங்கள் ஆபீஸை நோக்கி வரவேண்டும். வழியில் நாங்கள் கூப்பிட்டு, ரோடு போய்விட்டது என்று சொல்லுவோம். கேட்டதும் பதில் சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பவேண்டும். என்ன செய்தியைச் சொல்வது என்று முடிவு செய்தவர்கள் வேறு யாரோ. மைக்கின் முன்னால் உட்கார்ந்தபிறகுதான் தாளைப் பார்த்தேன். ஆத்தூர் ரோட்டில் சிறுபாலம் அடித்துக்கொண்டு போய்விட்டது, யாரும் வரவேண்டாம். அதே வார்த்தைகள் மைனி. பழைய பதிவிலிருந்து அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார்கள்.

சொன்னேன். பதில் இல்லை. மறுபடியும் சொன்னேன். தீயணைப்பு பதில் சொன்னது, இஞ்ஞாசி அண்ணாச்சி பதில் சொன்னார், போலீஸ் ஸ்டேஷன்கள் எல்லாம் சொல்லின. பால்துரை மட்டும் சொல்லவில்லை. நான் நிறுத்தாமல் அழைத்துக்கொண்டே இருந்தேன். குரல் உடைந்துபோயிற்று. லிங்கராஜ் சார் பின்னால் வந்து, போதும்மா என்று என் தோளைத் தொட்டார். அப்போதும் நான் மைக்கை விடவில்லை.

கொஞ்ச நேரத்தில் வாசலில் வண்டிச் சத்தம். பால்துரை இறங்கி வந்து, என்ன மேடம், ஒத்திகை இல்லையா, நீங்க கூப்பிடவே இல்லையே, வண்டிய எங்கன விட என்று கேட்டான். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அவனும் விஷயம் தெரியாமல் கூடச் சேர்ந்து சிரித்தான். நான் எழுந்து குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். முழுசாக, நல்லபடியாக, வேர்த்துப்போய் என் முன்னால் வந்து நிற்கிறான். அந்த ரோடு உடைந்திருந்தால் அவன் வந்திருக்கமாட்டான்.

அவன் மேல் தவறில்லை. செட்டும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆத்தூரில் வெற்றிலைக் கொடிக்கால் பக்கம் வந்ததும் சிக்னல் அறுந்துவிடுகிறது, அப்புறம் செட்டை அணைத்துப் போடும்வரை எதுவும் எட்டுவதில்லை. அங்கே வயர்லெஸுக்கென்று ஒரு டவர் போட்டால் கேட்கும் என்று டெக்னீஷியன் சொல்கிறார். விழா முடியட்டும், அடுத்து டவர்தான் என்று லிங்கராஜ் சார் சொல்லுகிறார். அவர் மனதாரத்தான் சொல்லுகிறார். ஆனால் எனக்குத் தெரியும் மைனி. கல்வெட்டைத் திறந்துவிட்டால் வேலை முடிந்தது என்று எழுதிக் கோப்பை மூடிவிடுவார்கள். அவரும் சீக்கிரம் ஓய்வு பெற்றுவிடுவார். அப்புறம் டவர் என்று நான் வாய் திறந்தால், உன் அண்ணன் பெயரைத்தான் வைத்தாகிவிட்டதே, இன்னும் என்ன என்பார்கள்.

அதனால் கேட்கிறேன். சம்மதம் இல்லை, ஆத்தூர் ரோட்டில் கேட்கும் வரைக்கும் என் வீட்டுக்காரர் பெயரை வைக்கவேண்டாம் என்று இரண்டு வரி எழுதி அனுப்புங்கள். நான் எழுதினால் அது ஒரு சப்-இன்ஸ்பெக்டரின் புலம்பல். ஓரமாக வைத்துவிட்டு விழாவை நடத்திவிடுவார்கள். நீங்கள் எழுதினால் அவர்களால் தாண்டிப் போகமுடியாது. அம்மாவிடம் நான்தான் கெடுத்தேன் என்று சொல்லிவிடுகிறேன். பிளவுஸ் தைத்து வந்து, போட்டுப் பார்த்து, கண்ணாடி முன்னால் நின்றார்களாம். என்னோடு கொஞ்ச நாள் பேசமாட்டார்கள். பரவாயில்லை.

நேற்று சாயங்காலம் பால்துரையின் வீட்டுக்காரி செல்லத்தாய் எனக்குப் போன் செய்தாள். கைப்பிள்ளைக்காரி. தன் புருஷன் போனைப் பறித்துக்கொண்டதற்கு என்னை ஒரு பிடி பிடித்தாள். திட்டி முடித்தபிறகு குரலைத் தணித்துக்கொண்டு, அக்கா, மழ நேரத்துல டவர் போயிட்டுன்னா, நீங்க அந்த செட்டுல கூப்பிட்டா அவங்களுக்குக் கேக்கும்லா என்றாள். பிள்ளை அழுகிறது, போய்ப் பாரு என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அண்ணனுக்குக் கேட்கவில்லை மைனி. இவனுக்காவது கேட்கவேண்டும். மார்கழிக்கு இன்னும் ஒரு மாதம்தான் இருக்கிறது. ஈவாவை என் பங்குக்கு ஒருதரம் கட்டிக்கொள்ளுங்கள். ஆண்டவர் உங்கள் இருவரையும், ரோட்டில் இருக்கிற எல்லோரையும் காப்பாராக. சீக்கிரம் எழுதுங்கள்.

உங்கள்,
ஜெயஷீலா