நாமினி என்ற இடத்தில் சித்தியின் பெயர்

என் பிரியமுள்ள அப்பா,

கல்லறைத் திருநாளுக்கு வந்து மெழுகுவத்தி ஏற்றிவிட்டு, ஒரு வார்த்தைகூடப் பேசாமல் போய்விட்டாளே இந்தப் பிள்ளை என்று நினைத்திருப்பீர்கள். பேசுகிற நிலைமையில் நான் இல்லை. உங்கள் மேல் அவ்வளவு கோபம். இப்போது அதில் பாதி குறைந்திருக்கிறது, அதனால் எழுதுகிறேன். மீதிப் பாதிக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வீர்கள் என்பது உங்கள் பாடு.

முதலில் நல்ல செய்தி. பாலக்காட்டுப் பக்கம் கஞ்சிக்கோட்டில் எனக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. பிஸ்கட் கம்பெனியில் தரம் பார்க்கிற பிரிவு. பெல்ட்டில் வருகிற பாக்கெட்டுகளில் ஒன்றை எடுத்து, எடை போட்டு, ஒட்டியிருப்பதைப் பிரித்து, உடைத்துப் பார்க்க வேண்டும். எதையும் நம்பாமல் இருப்பதற்கு எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள் அப்பா! சின்ன வயதில் கடை மிட்டாயைக்கூடத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் வாயில் போடுவேன் என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பீர்களே.

அம்மா போய் மூன்று வருஷம் கழித்து, எனக்கு ஒன்பது வயதில், லூர்து மேரி என்கிற சித்தியை ஏலப்பாறை தேயிலை எஸ்டேட்டில் நம் லயத்து வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தீர்கள். அவர் போட்ட முதல் சோற்றையும் நான் அப்படித்தான் திருப்பிப் பார்த்தேன். அன்றைக்கு மட்டும் நீங்கள் சிரிக்கவில்லை.

இனி கோபத்துக்கு வருகிறேன். திருநாளுக்குப் பத்து நாள் முன்பு பக்கத்து வீட்டு ரெஜினா அக்கா போன் செய்தார். "ஸ்டெல்லா, உன் பேருக்கு ஒரு கவர் வந்துச்சு பிள்ள. தபால்காரரு உன் சித்தி கையில குடுத்தாரு. என்னதுட்டின்னு கேட்டேன், ஒண்ணுமில்லன்னு மடியில சொருகிட்டா. ஒண்ணுமில்லாததை எதுக்கு மடியில சொருகணும்?" ரெஜினா அக்காவுக்கு அடுத்த வீட்டு விஷயம் என்றால் சோறு தண்ணி வேண்டாம். ஆனால் கேட்ட கேள்வி சரியான கேள்விதான்.

உடனே சித்திக்குப் போன் போட்டேன். "கவரா? அப்படி ஒண்ணும் வரலையே தாயி" என்றார். குரலில் ஒரு தடுமாற்றமும் இல்லை. இத்தனை வருஷத்தில் அவர் என்னைத் திட்டியிருக்கிறார், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார். பொய் சொன்னதாக ஒருமுறைகூட நான் பிடித்ததில்லை. நல்லவர் என்பதாலா, நான் சரியாகப் பார்க்கவில்லை என்பதாலா?

திருநாளுக்கு முதல் நாள் லயத்துக்கு வந்து சேர்ந்தேன். உங்கள் கல்லறையைச் சுற்றிப் புல் செதுக்கப் போகிறேன் என்று சித்தி மண்வெட்டியோடு கிளம்பினார். நானும் வருகிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். தலைவலி என்று சொல்லிவிட்டு, அவர் திருப்பம் தாண்டியதும் வீட்டைச் சோதனை போட்டேன். உங்கள் பழைய ஸ்வெட்டருக்குள் சுருட்டி வைத்திருந்தார். பிரீமியம் கட்டச் சொல்லி வந்த கவர் மட்டுமில்லை, ஒரு இன்சூரன்ஸ் பாலிசி பத்திரமே இருந்தது.

இங்கிலீஷில் இருந்ததை விரல் வைத்துப் படித்தேன். முன்மொழிந்தவர் என்ற இடத்தில் உங்கள் பெயர். காப்பீடு செய்யப்பட்ட உயிர் என்ற இடத்தில் என் பெயர். அதாவது, யார் செத்தால் பணம் வருமோ அந்த ஆள் நான்! பின்னால் ஒட்டியிருந்த தாளில், நாமினி: லூர்து மேரி. அதற்கும் பின்னால் வருஷா வருஷம் பிரீமியம் கட்டிய ரசீதுகள். கடைசி இரண்டு ரசீதுகளின் தேதியைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். இரண்டும் நீங்கள் போன பிறகு கட்டியவை.

கொழுந்து கிள்ளி வயிற்றைக் கழுவுகிற ஒருவர், புதுச் செருப்பு வாங்கவே யோசிக்கிறவர், என் சாவுக்குத் தவணை கட்டிக்கொண்டிருக்கிறார். எதற்கு? இந்தக் கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான் எனக்குத் தோன்றியது. அதைத் தாளில் எழுத இப்போது கூசுகிறது.

எஸ்டேட்டில் பிறந்தவள் வேறு எப்படி யோசிப்பேன் சொல்லுங்கள். நமக்கு எல்லாமே 'பேர்'தானே. ஒருவர் வேலையிலிருந்து நின்றாலோ போய்ச் சேர்ந்தாலோ, எஸ்டேட் ஆள் பதிவான செக்ரோலில் அவர் பேரை வெட்டிவிட்டு, வீட்டில் இன்னொருவருக்குப் பேர் கொடுப்பார்கள். பேர் யாருக்கோ அவருக்குத்தான் வேலை, அவருக்குத்தான் லயத்து வீடு. உங்கள் பேரை வெட்டினார்கள், சித்திக்குப் பேர் கிடைத்தது, வீடும் அவருடையது ஆனது. நாமினி என்று அவர் பெயரைப் பார்த்ததும் அதே கணக்கில்தான் எனக்குப் புரிந்தது. பாலிசியும் அவர் கைக்குப் போய்விட்டது, இனி வெட்ட வேண்டிய பேர் என்னுடையது மட்டும்தான் என்று.

அன்று மத்தியானம் சித்தி மத்திக் குழம்பு வைத்தார். நீங்கள் சிரித்தாலும் சரி, திட்டினாலும் சரி, உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு துண்டை எடுத்து முதலில் பூனைக்குப் போட்டேன். அது தின்றுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு, இன்னொரு துண்டு கேட்டது. அதற்கும் பிறகு கொஞ்ச நேரம் பொறுத்துத்தான் சாப்பிட்டேன். "மீனு ஆறிப்போச்சே, சூடு பண்ணித் தரவா?" என்று சித்தி கேட்டார். வேண்டாம் என்றேன்.

மறுநாள் உங்கள் கல்லறை முன்னால் நாங்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு மெழுகுவத்தியோடு நின்றோம். அவர் அழுதார். அந்த அழுகையையும் நான் சந்தேகத்தோடுதான் பார்த்துக்கொண்டு நின்றேன். உங்களையும் சந்தேகப்பட்டேன் அப்பா. பெற்ற பிள்ளையின் உயிரை எழுதிக்கொடுத்து, அதன் பணத்தை இரண்டாவது மனைவிக்கு ஒதுக்கி வைத்தவரா நீங்கள்? நான் பார்த்த அப்பா யார்?

பத்திரத்தைப் போனில் படம் பிடித்துக்கொண்டு கஞ்சிக்கோட்டுக்குத் திரும்பினேன். ஒரு லீவு நாளில் பாலக்காட்டில் இருக்கிற இன்சூரன்ஸ் கம்பெனியின் கிளைக்குப் போனேன். கண்ணாடி போட்ட ஒரு மலையாளி மேடம் இருந்தார். "என்னைக் கொல்வதற்கு யாருக்கு லாபம் என்று தெரிய வேண்டும்" என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"மோளே, முதல்ல தண்ணி குடி" என்றார். பிறகு சொன்னார்: "இதுல ஆரு ஆருன்னு சரியாப் பார்க்கணும், கேட்டோ. கம்பெனி ஒரு கட்சி. பணம் தர்றேன்னு வாக்குக் குடுத்தது அது. உன் அச்சன் முன்மொழிஞ்ச ஆளு. நீ அப்ப கொச்சுக் குட்டி, உனக்கு ஒப்புப் போட வயசில்லை. அதனால உனக்காக அவர் ஒப்புப் போட்டு, அவரே பிரீமியமும் கட்டினார். உயிர் உன்னோடது. உனக்குப் பதினெட்டு முடிஞ்ச பின்னே பாலிசியும் உன்னோடதாயிட்டு. இப்ப உடமஸ்த, சொந்தக்காரி, நீதான், வேற ஆருமில்ல."

"அப்புறம் நாமினி?"

"நாமினி வெறும் காத்திருக்கிற ஆளு. காலம் முடியறதுக்குள்ள நீ போனா மாத்திரம் பணம் அவங்க கைக்கு வரும். நீ இருந்தா முதிர்வுப் பணம் முழுக்க உனக்கு. அவங்களுக்கு ஒண்ணுமில்ல. நாளைக்கே நீ வந்து வேற பேரு எழுதலாம். அவங்ககிட்டக் கேக்கக்கூட வேண்டாம்."

வேலை, வீடு மாதிரி இது கைமாறவே இல்லை. நான் உயிரோடு இருக்கிறவரைக்கும் சித்திக்கு இதில் செல்லாக்காசும் கிடையாது. இதைக் கேட்டதும் நிம்மதி வரும் என்றுதானே நினைப்பீர்கள்? எனக்கு வரவில்லை. நான் இருந்தால் அவருக்கு ஒன்றுமில்லை என்றால், நான் இல்லாமல் போவதில்தானே எல்லாம் இருக்கிறது?

"சரி, என் அப்பா ஏன் இவர் பெயரை எழுதினார்?" என்று கேட்டேன். மேடம் கம்ப்யூட்டரில் எதையோ தேடி, திரையை என் பக்கம் திருப்பினார். "அச்சன் எழுதல மோளே. நாமினியை எழுதினது நீ."

என் கையெழுத்து. எனக்குப் பதினெட்டு முடிந்த வருஷம், பாலிடெக்னிக் விடுதி வாசலில் போட்டது. நேந்திரங்காய் சிப்ஸ் பொட்டலத்தோடு வந்தீர்கள். பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருந்த இடங்களைக் காட்டி, "இதுல ஒரு ஒப்பு, இதுல ஒரு ஒப்பு" என்றீர்கள். மிட்டாயைத் திருப்பிப் பார்க்கிறவள், நீங்கள் நீட்டிய தாளைத் திருப்பிப் பார்க்கவில்லை. உலகத்தில் உங்களை மட்டும்தான் பார்க்காமல் நம்பியிருக்கிறேன். அது சரிதானா என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்து முதல் தடவையாகக் கேட்டுக்கொண்டேன். ரொம்ப வலித்தது அப்பா.

நாமினியை மாற்றுகிற படிவத்தை வாங்கிக்கொண்டு அடுத்த வாரமே ஏலப்பாறைக்கு பஸ் ஏறினேன். சித்தியின் பெயரை அடித்துவிட்டு, அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, அதோடு லயத்துப் பக்கமே வருவதில்லை என்பதுதான் முடிவு. சித்தி வேலை முடிந்து வந்து, கொழுந்து கிள்ளும்போது இடுப்பில் கட்டுகிற படங்கைக் கழற்றிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார். பத்திரத்தின் படத்தைப் போனில் காட்டினேன்.

அவர் முதலில் செய்தது என்ன தெரியுமா? ஓடிப்போய்க் கதவைச் சாத்தினார். நான் ஓரடி பின்னால் நகர்ந்தேன்.

"மெதுவாப் பேசு பிள்ள. ரெஜினாவுக்குக் கேட்டுரும்."

"கேட்கட்டும். ஏன் மறைச்சீங்க? ஏன் பொய் சொன்னீங்க?"

"பின்ன என்ன செய்யச் சொல்லுத? மூத்தவ பிள்ள செத்தா சின்னவளுக்குத் துட்டுன்னு இதுல எழுதியிருக்குன்னு நாலு பேரு காதுல விழுந்தா நான் இங்க இருக்க முடியுமா? உனக்கு ஒரு காய்ச்சல் வந்தாக்கூட என்னையில்லா பாப்பாங்க! கவர் வார அன்னைக்கெல்லாம் எனக்கு உறக்கம் கிடையாது." கதவுக் கொண்டியை இன்னொரு முறை இழுத்துப் பார்த்தார். "நீயும் அப்படித்தான நினைச்ச? மீனைப் பூனைக்குப் போட்டியே, நான் பாக்கலைன்னு நினைச்சியா?"

அப்பா, அவர் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டுத்தான், மீனைச் சூடு பண்ணித் தரவா என்று கேட்டிருக்கிறார்.

ஆனாலும் நான் விடவில்லை. "அப்போ அப்பா போன பிறகும் ஏன் கட்டினீங்க? விட்டிருக்கலாமே" என்றேன்.

"விட்டா உன் பேரை வெட்டிருவாங்கல்லா!" என்று கத்தியேவிட்டார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஒருத்தர் பேரை வெட்டினாத்தான் அடுத்தவ பேரு ஏறும். உங்க அப்பா பேரை வெட்டித்தான எனக்குக் குடுத்தாங்க. துட்டு கட்டாம விட்டு, உன் பேரை வெட்டி என் பேரை ஏத்திட்டாங்கன்னா? உசுரு மேல போட்ட பேரு தாயி. அதை வெட்டலாமா? நினைக்கவே பயமா இருந்துச்சு."

நான் பாலிசியைச் செக்ரோலாகப் படித்தேன். சித்தியும் அப்படித்தான் படித்திருக்கிறார். நான் அவரைக் கண்டு பயந்தேன். அவர் எனக்காகப் பயந்து, இரண்டு வருஷம் கொழுந்து கிள்ளிய கூலியில் மிச்சம் பிடித்து, என் பேரை அழியாமல் வைத்திருக்கிறார்.

மேடம் சொன்னதையெல்லாம் அவருக்குச் சொன்னேன். தவணை விட்டால் பாலிசிதான் நிற்கும், என் உயிருக்கு ஒன்றும் ஆகாது, உங்கள் பெயர் என் இடத்தில் ஏறவும் ஏறாது என்று. மூன்று தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். நம்பாமல் கேட்பதில் அவர் எனக்குக் குறைந்தவர் இல்லை. நீங்கள் இரண்டு சந்தேகப் பிராணிகளோடு குடும்பம் நடத்தியிருக்கிறீர்கள் அப்பா, பாவம்தான்.

"ஏன் உங்க பேரைப் போட்டார்? அப்பா பேரையே போட்டிருக்கலாமே?" என்று கடைசியாகக் கேட்டேன். "நானுந்தான் கேட்டேன். நாமினின்னா அவளுக்குப் பின்னால இருக்கிற ஆளா இருக்கணும் லூர்து, நான் இருக்க மாட்டேன்னாரு. நெஞ்சுல நோவு இருந்தது அவருக்கு அப்பவே தெரியும். உன்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு என்கிட்டச் சத்தியம் வாங்கிட்டாரு."

விடுதி வாசலில் சிப்ஸ் பொட்டலத்தைக் கையில் கொடுத்தபோதே உங்களுக்குத் தெரியும், அப்படித்தானே? என்னிடம் ஏன் சொல்லவில்லை? படிப்பு கெட்டுவிடும் என்றா? என் மீதிக் கோபம் இதுதான். இது இப்போதைக்குக் குறையாது.

படிவத்தைப் பார்த்ததும் சித்திக்கு முகம் தெளிந்துவிட்டது. "வெட்டிரு தாயி, முதல்ல என் பேரை வெட்டு. கட்டிக்கப் போறவன் பேரைப் போட்டுக்கோ." அவன் இன்னும் வரவில்லையே என்றேன். "அப்ப மாதா கோயில் பேரைப் போடு" என்றார். எந்தப் பழியும் இல்லாமல் தூங்க வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு வேண்டியது. நான் படிவத்தை மடித்து அடுப்பில் போட்டேன். சித்தி என்னோடு அன்று முழுக்கப் பேசவில்லை.

இனிமேல் பிரீமியம் நான் கட்டுகிறேன். கவர் கஞ்சிக்கோட்டு விலாசத்துக்கு வரும். நாமினி என்ற இடத்தில் லூர்து மேரி என்ற பெயர் அப்படியே இருக்கும். உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன் அப்பா: அந்தப் பணத்தில் ஒற்றை ரூபாயைக்கூட சித்தி கைக்குப் போக விடமாட்டேன். ரோட்டைப் பார்த்துக் கடப்பேன், காய்ச்சல் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போவேன், முதிர்வுத் தேதி வரைக்கும் கல்லுமாதிரி இருப்பேன். அதற்குப் பிறகும் இருப்பேன். சித்தியை உங்கள் பக்கத்தில் கொண்டுவந்து படுக்க வைக்கிறவரைக்கும், அவருக்குப் பின்னால் இருக்கிற ஆள் நான்.

இப்படிக்கு,
உங்களை இன்னும் மன்னிக்காத,
சவரிமுத்து, லூர்து மேரி இவர்களின் மகள்,
ஸ்டெல்லா