எட்டு ஐந்துக்குப் போன விமானம்

ஜனவரி 13, 2025, திங்கள்

நடந்த அநியாயத்தை முதலில் எழுதி வைக்கிறேன். நேற்று காலை பதினொன்று இருபதுக்குப் புறப்பட வேண்டிய போர்ட் பிளேர் விமானத்தை எட்டு ஐந்துக்கே அனுப்பிவிட்டார்கள். நேரம் மாறிய தகவல் சனிக்கிழமை சாயங்காலமே டிராவல்ஸ்காரன் ஷெல்டனுக்கு வந்துவிட்டது. அவன் எனக்குச் சொல்லவில்லை. என் தங்கை வெரோனிகா நேற்று மதியம் இரண்டரைக்கு அங்கே ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். நான் இங்கே ராஜா அண்ணாமலைபுரத்தில், பெட்டியைப் பிரிக்காமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

விமான நிலையத்துக்கு நான் போனது எட்டே முக்காலுக்கு. இரண்டரை மணி நேரம் முன்னதாக. எழுபத்து நான்கு வயதில் ஒரு நாளும் எங்கேயும் தாமதமாகப் போனவன் இல்லை. கவுண்டரில் மதுவந்தி என்று பெயர் அட்டை குத்தியிருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“சார், இது போயிடுச்சே. டைம் மாத்தி மெசேஜ் அனுப்பியிருக்கோம், வரலையா?”

“யாருக்கு அனுப்பினீங்க?”

அவள் நம்பரின் கடைசி நான்கு எண்களைப் படித்தாள். என் நம்பர் இல்லை. ஷெல்டன் கடை நம்பர்.

அடுத்த விமானம் கேட்டேன். மத்தியானத்துக்கு மேல் அங்கே காற்று, இறங்க முடியாது, அதனால்தான் இதையே முன்னால் அனுப்பினோம் என்றாள். மறுநாளும் எந்த கம்பெனியிலும் இடம் இல்லை, பொங்கல் கூட்டம். செவ்வாய்க்கிழமை காலையில் ஒரு சீட்டு. “அதுகூட உங்க ஏஜெண்ட்தான் சார் மாத்தணும். ஏஜெண்ட் போட்ட டிக்கெட்டை நாங்க தொட முடியாது.” பாவம், அவள் கண் கலங்கிவிட்டது. என் தங்கை விஷயம் சொல்லியிருந்தேன்.

ஷெல்டனுக்குப் பதினான்கு தடவை அடித்தேன். கடை நம்பர்தான் என்னிடம் உண்டு, அதை யாரும் எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை, ஐயா மாதா கோயிலில் பாடிக்கொண்டிருந்திருக்கிறார்.

திரும்பும்போது ஆட்டோக்காரன் கேட்டான்: “இன்னா நைனா, ஃப்ளைட்டு கேன்சலா?”

“போயிடுச்சு.”

“லேட்டா வந்துக்கினியா?”

லேட்டா! நானா! சைதாப்பேட்டை வரைக்கும் அவனோடு சண்டை போட்டேன். அவன் வண்டியை ஓரம் கட்டி, “சரி நைனா, நீ கரீட்டா வந்த, பிளேனுதான் சீக்கிரம் பூட்ச்சு, போதுமா?” என்றான்.

இன்று நாலு மணிக்கு அடக்கம். இனி வைத்திருக்க முடியாது என்றுவிட்டார்கள். வெரோவின் மகள் ஈவ்லின் வீடியோவில் காட்டுகிறேன் என்றாள். என் மகள் ஜெசிகா அடையாறிலிருந்து வந்து போனை என் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டேன். கையகலக் கண்ணாடியில் என் தங்கை மேல் மண் விழுவதைப் பார்க்க மாட்டேன். சத்தம் மட்டும் கேட்டது.

ஜனவரி 14

பொங்கல். பக்கத்து வீட்டிலிருந்து சர்க்கரைப் பொங்கல் வந்தது. மூடி வைத்துவிட்டேன்.

ஜனவரி 15, புதன்

ஈவ்லின் பேசினாள். நானாகக் கேட்கவில்லை, அவளே சொன்னாள்.

“காலையிலேயே தலை வாரச் சொன்னாங்க மாமா. ‘எண்ணெய் வழியற மூஞ்சியோட கிடந்தா அண்ணன் திட்டுவான்’னாங்க.”

திட்டியிருப்பேன்தான்.

“ஃப்ளைட் போயிடுச்சுன்னு ஒம்பது மணிக்கு நீங்க போன் பண்ணீங்கள்ல, அதை நான் சொல்லல மாமா. ‘மாமா ஏறிட்டாரு, வானத்துல இருக்காரு’ன்னு சொல்லிட்டேன். அதுக்கப்புறம் ஒவ்வொரு பிளேன் சத்தத்துக்கும் ஜன்னலைப் பாத்துக்கிட்டே இருந்தாங்க.”

பிறகு, “அந்த டிராவல்ஸ்காரன் நல்லா இருப்பானா மாமா?” என்றாள்.

“இருக்க மாட்டான்” என்றேன்.

போனை வைத்த பிறகுதான் உறைத்தது. எட்டு ஐந்து விமானம் பத்து இருபதுக்கு அங்கே இறங்கியிருக்கும். பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரி. மூன்றரை மணி நேரம் அவளோடு இருந்திருப்பேன். பழைய நேரத்துக்கே போயிருந்தால் கால் மணி நேரம் கிடைத்திருக்குமா? சந்தேகம்தான். விமானம் முன்னால் போனது எனக்கு நல்லதுக்கே போயிருக்கிறது. வாய்த்த நல்லதை ஒருவன் டிராயரில் வைத்துப் பூட்டிவிட்டான்.

ஜனவரி 16, வியாழன்

லஸ்ஸில் ஷெல்டன் கடைக்குப் போனேன். 1981-ல் வெரோ கல்யாணமாகி அந்தமானுக்குக் கப்பலேறியபோது அவன் அப்பாவிடம்தான் டிக்கெட் வாங்கினேன். அதிலிருந்து வேறு கடை ஏறியதில்லை. எங்கள் பங்குக் கோயில் குடும்பம்.

“உக்காருங்க அங்கிள்.”

“உக்கார வரல. மெசேஜ் எத்தனை மணிக்கு வந்துச்சு?”

“சனிக்கிழமை ஆறு அம்பது. நான் ஆறரைக்குக் கடையைப் பூட்டிட்டேன். போன் டிராயர்ல. ஞாயித்துக்கிழமை லீவு. திங்கக்கிழமை காலைல எடுத்துப் பாத்தப்பதான்...”

“பயணம் போறது நானா நீயா? அதுல எதுக்குடா உன் நம்பர்?”

வாயைத் திறந்தான். என் முகத்தையே பார்த்தான். பிறகு மூடிக்கொண்டான்.

“எதுக்குன்னு நானே சொல்றேன். என் நம்பர் கம்பெனிக்குப் போயிட்டா அடுத்த தடவை நான் நேரா அவன்கிட்டயே வாங்கிடுவேன். உனக்கு ஆள் குறைஞ்சிடும். அதானே? ஏஜெண்ட் புத்தி!”

“தப்புதான் அங்கிள்.”

இரண்டு தடவை அதையே சொன்னான். எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

ஜனவரி 18, சனி

ஜெசிகா சாப்பாடு கொண்டுவந்தாள். சாப்பாட்டோடு இதையும்:

“அன்னிக்கே சொன்னேன்லப்பா? ஏர்லைன் ஆப்லயே போட்டுத் தரேன்னு. ரெண்டு நிமிஷ வேலை.”

“ஆப்புக்கு மூஞ்சி கிடையாது. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யார் சட்டையைப் பிடிக்கிறது?”

“அதான் ஷெல்டன் அண்ணன் சட்டையைப் பிடிச்சுட்டீங்களே. அத்தை திரும்பி வந்துட்டாங்களா?”

எழுந்து உள்ளே போய்விட்டேன். பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டுச் சொல்லாமல் போய்விட்டாள். என் மகள். என்னைப் போலவே.

ஜனவரி 20, திங்கள்

விமான கம்பெனிக்கு போன். நாற்பது நிமிடம் பாட்டு. கடைசியில் ஒரு தம்பி வந்தான். “சார், ஏஜெண்ட் மூலமா எடுத்திருக்கீங்க. உங்க கம்ப்ளெய்ண்ட்டை அவர்தான் எங்களுக்கு அனுப்பணும்.”

“ஏறப்போறவன் நான். உயிர் போனாலும் என் உயிர். பேச மட்டும் அவன் வரணுமா?”

“நீங்க நேரடியா எடுத்திருந்தா உங்களுக்கே தகவல் வந்திருக்கும் சார்.”

கம்பெனிக்காரன் ஷெல்டனைக் காட்டுகிறான், ஷெல்டன் “தப்புதான்” என்று நிற்கிறான். நடுவில் நான்.

ஜனவரி 23, வியாழன்

நுகர்வோர் ஆணையத்துக்கு மனு எழுதத் தொடங்கிவிட்டேன். வக்கீல் வேண்டாம். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றவன்தான். ஆங்கிலமும் கணக்கும் சட்டமும் நானே படித்தேன். ஆஸ்பத்திரி ஸ்டோரில் முப்பத்தொரு வருஷம் இருந்தேன். கையெழுத்தும் நகலும் இல்லாமல் ஒரு பஞ்சு உருண்டைகூட என் கவுண்டரைத் தாண்டியதில்லை.

முதல் எதிர்தரப்பு: ஷெல்டன். இரண்டாம் எதிர்தரப்பு: விமான நிறுவனம். ஐந்து பக்கம் வந்திருக்கிறது. “பயணியின் எண்ணைத் தன் சுயநலத்துக்காக மறைத்து” என்ற வரியைப் படித்துப் பார்த்தேன். நன்றாக இருக்கிறது.

வெரோ வாசித்தால், “அண்ணே, உனக்கு யாரையாவது ஜெயிக்கணும், அவ்ளோதான்” என்பாள்.

ஜனவரி 26, ஞாயிறு

காலையில் கோயில். பூசை முடிந்து வாசலில் துக்கம் கேட்டவர்கள் எல்லோரிடமும் சொன்னேன். ஒளிக்கவில்லை, ஷெல்டன் பெயரைச் சொல்லியே சொன்னேன். பதினோரு பேர். அவன் இன்று பாடகர் கூட்டத்தில் நிற்கவில்லை. வண்டி பக்கத்தில் தனியாக நின்றான். நான் சொன்னதைக் கேட்ட ஜேக்கப் அவனைத் தாண்டிப் போகும்போது தலையைத் திருப்பிக்கொண்டார். எனக்குத் திருப்தியாக இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

மத்தியானம் மனுவோடு இணைக்க வேண்டியதை எல்லாம் எடுத்து அடுக்கினேன். டிக்கெட் பிரிண்ட். ரசீது. ஷெல்டன் கடையில் பெயர், வயது, அடையாள அட்டை விவரம் எழுதிக் கொடுக்கும் மஞ்சள் படிவம். நான்தான் நகல் இல்லாமல் எதையும் தர மாட்டேனே. அன்றைக்கே எதிர்க்கடையில் ஜெராக்ஸ் எடுத்து வைத்திருந்தேன்.

தொடர்பு எண் என்ற இடத்தில் குறுக்கே கோடு. அதற்குக் கீழே என் கையெழுத்தில்:

‘என் நம்பரை எந்த கம்பெனிக்கும் தரக் கூடாது. கடை நம்பர் போடவும். — அ. அல்போன்ஸ்.’

அடியில் இரண்டு கோடு வேறு.

நான் எல்லாப் படிவத்திலும் எழுதுவதுதான் இது. கேஸ் ஏஜென்சி, மருந்துக் கடை, பேங்க். நம்பரைக் கொடுத்தால் லோன் வேண்டுமா, பாலிசி வேண்டுமா என்று உயிரை எடுக்கிறார்கள். மூன்று வருஷமாக யாருக்கும் கொடுப்பதில்லை. ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். இந்தப் படிவத்தில் எழுதியது ஞாபகத்திலேயே இல்லை. கை எழுதியிருக்கிறது.

இப்போது எல்லாம் ஞாபகம் வருகிறது. ‘அங்கிள், இதுல மட்டும் உங்க நம்பர் இருக்கட்டுமே’ என்றான். நான் என்ன சொன்னேன்? ‘சொன்னதைப் போடுடா.’

வெரோ. நான்தான்டி.

ஜனவரி 27

அந்தக் காகிதத்தைக் கிழித்துவிடலாமா என்று நினைத்தேன். கிழிக்கவில்லை. நினைத்தேன் என்பதையும் இங்கே பதிகிறேன்.

ஜனவரி 29, புதன்

லஸ்ஸுக்கு நடந்தே போனேன். வழியில் இரண்டு தடவை உட்கார வேண்டியிருந்தது. கடையில் ஷெல்டன் மட்டும்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். படிவத்தை மேஜை மேல் வைத்தேன்.

“ஏன்டா சொல்லல?”

குனிந்து பார்த்தான். தொடவில்லை.

“உன்கிட்டதான் ஒரிஜினல் இருக்கு. அன்னிக்கு நான் அப்படிக் கத்தினப்போ எடுத்து என் மூஞ்சில அடிச்சிருக்கலாம்ல?”

“தங்கச்சி போயிருக்காங்க அங்கிள் உங்களுக்கு. அந்த நேரத்துல சீட்டைக் காட்டி நான் என்னத்தை ஜெயிக்கப் போறேன்?”

“கோயில் வாசல்ல உன் பேரைச் சொல்லிட்டு வந்தேன். அப்பவாவது?”

“கேட்டுச்சு” என்றான். பிறகு, “அன்னிலேர்ந்து வீட்டுல சோறு இறங்கல அங்கிள். ஆனா டிராயர்ல போனை வெச்சுப் பூட்டினது நான்தானே? ஞாயித்துக்கிழமை பயணம் வெச்சிருக்கிற ஆளுக்கு சனிக்கிழமை ஒரு தடவை பாத்திருக்கணும்ல?”

“ஆமா. அது உன் தப்புதான்” என்றேன். அதை என்னால் விட்டுத் தர முடியாது.

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “நீங்க மாறவே மாட்டீங்க அங்கிள்.” எனக்கும் சிரிக்கத்தான் வாய் போனது. வேறு எதுவோ வந்தது. எழுபத்து நான்கு வயதில், லஸ்ஸில், பட்டப்பகலில், கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் — ச்சே. அவன் போய் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வந்தான்.

பிப்ரவரி 3, திங்கள்

பதினொன்றாம் தேதி வெரோவுக்கு முப்பதாம் நாள் பூசை. ஈவ்லின் வரச் சொல்கிறாள். அவள் நேற்றும் ஷெல்டனைச் சபித்தாள். நான் “ம்” கொட்டினேன். போனில் என்னால் முடியவில்லை.

செய்ய வேண்டியவை:

ஒன்பதாம் தேதிக்கு டிக்கெட். போட வேண்டியவன் ஷெல்டன். தொடர்பு எண்ணாக என் நம்பரும் ஜெசிகா நம்பரும். படிவத்தை நான் எழுதி, அவன் உரக்க வாசித்துக் காட்ட வேண்டும்.

அதே டிக்கெட்டை விமான கம்பெனியின் ஆப்பிலும் ஏற்றி, ஏழாம் தேதியிலிருந்து தினமும் காலையும் மாலையும் நேரம் பார்க்க வேண்டியவள் ஜெசிகா. பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ள வேண்டியவன் நான். கத்தக் கூடாது.

கடை போனை ஞாயிற்றுக்கிழமையும் கையில் வைத்திருக்க வேண்டியவன் ஷெல்டன். ஒப்புக்கொண்டான். டிராயரில் பூட்டியதைப் பற்றித் தன் கையால் எழுதித் தருகிறேன் என்றும் சொன்னான். தர வேண்டும்.

மனுவைத் திருத்தி எழுத வேண்டியவன் நான். சுயநலம் என்ற வரியை எடுக்க வேண்டும். விமானத்தை மூன்று மணி நேரம் முன்னால் இழுக்கிறவன் ஒரே ஒரு மெசேஜோடு கை கழுவக் கூடாது, கூப்பிட்டுப் பேச வேண்டும் — அதை எடுக்க மாட்டேன். என் மஞ்சள் படிவத்தையும் இணைக்க வேண்டும். ஆணையம் பார்த்துச் சொல்லட்டும்.

கோயில் வாசலில் கேட்ட பதினோரு பேரிடமும் நடந்ததைச் சொல்ல வேண்டியவன் நான். தனித்தனியாக. ஜேக்கப்பிடம் முதலில்.

கல்லறைக்கு ஈவ்லின் வழி காட்ட வேண்டும். கூட யாரும் வேண்டாம்.

அதற்கு முன்னால், அவள் வீட்டில் செருப்பைக் கழற்றியதும், அவள் தண்ணீர் கொண்டுவரும் முன், படிவத்தில் என் நம்பரைப் போட விடாதது நான்தான் என்று ஈவ்லினிடம் சொல்ல வேண்டும். சொல்ல வேண்டியவன் அல்போன்ஸ். எனக்காக வேறு யாரும் சொல்லக் கூடாது.