தறி நூல் கட்டிய கறுப்புக் கண்ணாடி

இன்று காலை மகளின் இன்சுலின் பையில் ஊசி இருக்கிறதா என்று துழாவியபோது உன் கறுப்புக் கண்ணாடி கையில் தட்டுப்பட்டது. மாரடைப்பில் நீ போன பிறகும் அது அங்கேயேதான் கிடக்கிறது. கண்ணாடியின் ஒடிந்த காலில் நீ சுற்றிய தறி நூல். பார்வை மங்கியபின் விரலாலேயே தடவிப் போட்ட முடிச்சு. இன்னும் அவிழவில்லை, மாப்ளே.

கருமத்தம்பட்டியில் பக்கத்துப் பக்கத்துத் தறியில் நின்றவர்கள் நாம். உனக்குச் சர்க்கரை இருந்தும் கண்ணைக் காட்டப் போகமாட்டாய். "சொட்டு மருந்து உட்டா நாளெல்லாம் கண்ணு கூசும். தறியை உங்கொப்பனா ஓட்டுவாரு?" என்பாய். கடைசியில் டாக்டரிடம் போனபோது வலது கண் கைவிட்டுப் போயிருந்தது. என் மகளுக்குச் சின்ன வயதிலேயே சர்க்கரை என்றதும் இந்தக் கண்ணாடியோடு வந்து நின்றாய். "மருந்து உட்டா அம்மணிக்கு இதைப் போட்டு உடு. வருசா வருசம் காட்டிப்போடு. என்னையாட்டம் உட்டுப்போடாதே."

இன்றும் அவளை ஆர்.எஸ்.புரம் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். இப்போது சொட்டு மருந்தே இல்லை. கேமரா கண்ணுக்குள் படம் எடுக்கிறது. சர்க்கரையால் உள்ளே கெட்டிருக்கிறதா என்று செயற்கை நுண்ணறிவு அங்கேயே பார்த்துச் சொல்கிறது. எனக்கு இயற்கையாகவே அது கொஞ்சம் குறைவு என்பதால் ஒதுங்கி நின்றேன்.

"பச்சை விளக்கையே பாரு கண்ணு, இமைக்காதே" என்றார் படம் எடுத்த பெண். நானும் இமைக்கவில்லை. திடீரென்று வலது கண் படத்தின்மேல் சிவப்பில் ஏதோ ஆங்கில எழுத்து. உனக்குப் போன அதே கண். நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏனுங்க, கண்ணு போச்சுங்களா?"

"அட, படம் தெளிவா உழுகலைங்க, அவ்வளவுதான். நீங்க ஆந்தையாட்டம் முழிக்கறதைப் பார்த்துப் பாப்பா சிரிச்சு ஆடிப்போட்டா. கொஞ்சம் வெளிய நில்லுங்கண்ணா."

நின்றேன். கதவு திறக்கும்வரை உன் முகம்தான் முன்னால் நின்றது.

"ரெண்டு கண்ணும் சுத்தமா இருக்குதுங்க. டாக்டரும் பார்த்துட்டாரு. அடுத்த வருசம் வாங்க."

பஸ்ஸில் மகள் பையைத் திறந்து, உன் கண்ணாடியை என் மூக்கில் மாட்டினாள். "உங்களுக்குத்தான் கண்ணு செவந்து கெடக்குது. போட்டுக்குங்கப்பா."

ஊர் வரும்வரை கழற்றவில்லை. காதோரம் உன் முடிச்சு உறுத்திக்கொண்டே வந்தது.