மினுக்குப் பூசிய சுவர்

மே 9
அக்கா மகள் வீட்டுச் சுவரில் முதுகைச் சாய்த்தபடி எழுதுகிறேன். வெளியே மண்டையைப் பிளக்கும் வெயில். உள்ளே வர சூரியனே எனக்கு மனுப் போட வேண்டும். பக்கத்துக் குன்றின் கல், ஒன்றரை அடி கனம். மழையைக் குடிக்கும், வெயிலில் மூச்சு விட்டுக் காயும். கட்டியவர் யார்? கொத்தனார் குலத்துச் சக்கரவர்த்தியான அடியேன்.

"இன்னும் ஃபேனே போடல மாமா."

"கழட்டி வித்துடு."

ஜூன் 20
அக்கா மகளும் மாப்பிள்ளையும் குழந்தையோடு வெளியூர் போன இரண்டு நாளில் வெளிச்சுவர் முழுக்க மினுக்குப் பூச்சு அடித்துவிட்டேன். காக்காய்கள் வரிசையில் நின்று முகம் பார்க்கின்றன. திரும்பி வந்தவள், "எப்படி மாமா இப்படிப் பளபளக்குது?" என்றாள். தேய்த்துக் குளிப்பாட்டினேன் என்றேன். நம்பிவிட்டாள்.

அக்டோபர் 14
பத்து நாளாக மழை. தொட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில், உள்பக்கம், முழங்கால் உயரத்துக்குக் கறுப்புப் பூஞ்சை. தரையிலிருந்து ஏறும் ஈரம் என் மினுக்குப் பூச்சைத் தாண்டி வெளியே போக வழியில்லாமல் உள்ளே கசிகிறது. பார்த்ததுமே புரிந்தது. சொன்னது வேறு: "ஜன்னலைச் சாத்திட்டு உள்ள துணி காயப் போட்டா இப்படித்தான்."

அக்டோபர் 29
மழையிலும் ஜன்னலைத் திறந்தே வைத்திருக்கிறாள். நான் சொன்னேனாம். குழந்தைக்கு இருமல்.

நவம்பர் 6
ஈரம் அளக்கும் கருவியோடு இன்ஜினியர் அம்மா வந்தார். முள் கடைசி வரைக்கும் போய் நின்றது.

"வெளியில ஏதாவது பூசியிருக்கா?"

அக்கா மகள் என்னைப் பார்த்தாள்.

"கல்லுக்குப் பவுடர் போடுற ஆளாம்மா நான்?"

எல்லோரும் சிரித்தார்கள். வெளியே கொட்டுகிற மழையில் அந்த அம்மா போய்ப் பார்க்கவில்லை. என் பேச்சையே எழுதிக்கொண்டார். உண்மை வாய் வரைக்கும் வந்ததேடா, ஏன் முழுங்கினே?

நவம்பர் 11
ஆஸ்பத்திரி. ஒன்றரை வயது நெஞ்சு கொல்லன் துருத்தி மாதிரி — வேண்டாம். மாதிரியெல்லாம் வேண்டாம். மூச்சு வாங்குது. அவ்வளவுதான்.

வீட்டில் ஈரமா என்று டாக்டர் கேட்டார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மாப்பிள்ளை எழுந்து வெளியே போய்விட்டார். அவள் மட்டும்:

"அந்தச் சுவர் ஓரமாத்தானே மாமா அவனைத் தினமும் தூங்க வெச்சேன்."

டிசம்பர் 2
அவர்கள் வாடகை வீட்டுக்குப் போய்விட்டார்கள். குழந்தைக்கு மூச்சு மருந்து பல வருஷம் வேண்டியிருக்குமாம். நான் கம்பி பிரஷோடு இங்கே. நாளுக்கு ஒரு பாய் அகலம்தான் பூச்சைச் சுரண்ட முடிகிறது. அடித்தது இரண்டே நாளில்.

ஜனவரி 21
மேற்குச் சுவர் முடிந்தது. கை வீங்கியிருக்கிறது.

மார்ச் 18
ஈரம் அளக்கும் கருவியை இரவல் வாங்கி வைத்துப் பார்த்தேன். முள் பூஜ்யத்தை விட்டு அசையவில்லை.

ஏப்ரல் 7
தொட்டிலை எடுத்துப் போக வந்தார்கள். வெளியே நெருப்பாய் வெயில், உள்ளே ஜில்லென்று இருந்தது. அவள் சுவரில் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றாள்.

"நல்லா காஞ்சிருச்சு மாமா."

தொட்டிலின் ஒரு முனையை மாப்பிள்ளை பிடித்தார், மறுமுனையை நான். குழந்தையை வண்டியை விட்டு இறக்கவில்லை.