அப்பாவின் நாலாவது டாக்டர்

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. நான் நலம். அப்பாவும் நலம் என்று எழுத ஆசைதான், எந்த உறுப்பைப் பற்றிக் கேட்கிறாய் என்று தெரிந்தால் எழுதலாம். நீ வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கிச் சௌக்கியமாக இரு.

அப்பா குளியலறையில் லேசாக வழுக்கிவிட்டார் என்று போனில் சொன்னேனே, அது பொய். தலைசுற்றி விழுந்தார். இதயத்துக்கு ஒருவர், சர்க்கரைக்கு ஒருவர், மூட்டுக்கு ஒருவர் என்று உன் அப்பாவுக்கு மூன்று மகாராஜாக்கள். ஒரே கட்டடம், மாடிதான் வேறு, ஆனால் பங்காளிச் சண்டை போட்டவர்கள் மாதிரி ஒருவருக்கொருவர் பேச்சுவார்த்தையே கிடையாது. முதலில் கால் வீங்கியது. இதயக்காரர் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமலே நீர் பிரிகிற மாத்திரையைக் கூட்டினார். கூட்டியதில் தலைசுற்றல், விழுந்தார், முட்டியில் அடி. மூட்டுக்காரர் வலி மாத்திரை கொடுத்தார், கால் இன்னும் வீங்கியது, இதயக்காரர் இன்னும் கூட்டினார். சர்க்கரைக்காரர் காலைப் பார்க்கவே இல்லை, அது அவர் இலாகா இல்லையாம். இதற்குப் பேர் வைத்தியம்.

உன் அப்பா மட்டும் லேசுப்பட்டவரா? ஒரு டாக்டரிடம் இன்னொரு டாக்டரைப் பற்றி மூச்சு விடமாட்டார். ஏன் என்றால், நம்மள நம்பலையேன்னு அவரு மனசு வருத்தப்படுவாரு, அது மரியாதையா என்கிறார். இதயக்காரர் அறைக்குள் போகுமுன் முழங்கால் உறையைக் கழற்றி என் கைப்பையில் திணித்துவிட்டு, சின்ன வீட்டுக்குப் போய்வந்தவர் மாதிரி முழிப்பார்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. வீட்டிலிருந்த மாத்திரை அத்தனையையும் பையில் அள்ளிக்கொண்டு, அவரையும் இழுத்துக்கொண்டு போய், தெருமுனை லேடி டாக்டர் மேஜையில் கொட்டினேன். உனக்கு அம்மை போட்டபோது பார்த்தாரே, அவரேதான். எங்களை உட்கார வைத்துக்கொண்டே மூன்று பேருக்கும் போன் போட்டார். ஒருவருக்கு மற்றவர் இருப்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது, வெட்கம்கெட்ட கூட்டம். அப்புறம் ஒரு பெரிய பாட்டிலை எடுத்து, இது யார் கொடுத்தது, கால் வீங்க ஆரம்பிச்சதே இதாலதான், இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தா கிட்னி கையை விரிச்சிருக்கும் என்றார்.

உன் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து, என் பையன் அனுப்பினது என்றார். அப்போதும் பெருமை பார்.

மூட்டு வலிக்கு அங்கே வெளிநாட்டில் எல்லாரும் சாப்பிடுகிறார்கள் என்று பார்சலில் அனுப்பினாயே, அதுதான். வலி இல்லாத நாளிலும் விழுங்கியிருக்கிறார், பையன் அனுப்பியது வீணாகக் கூடாதாம். மூன்று பேரைத் திட்டித் தீர்த்த எனக்கு, நாலாவது டாக்டர் என் வயிற்றிலேயே பிறந்தது தெரியவில்லை.

இப்போது யார் எதை மாற்றினாலும் தெருமுனை டாக்டரிடம் சொல்லிவிட்டுத்தான். வீக்கம் வடிகிறது, கிட்னி பழையபடி ஆகுமா என்று போகப் போகத்தான் தெரியும் என்கிறார். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. காலி பாட்டிலை உன் அப்பா டிவி பக்கத்தில் வைத்திருக்கிறார், எறிய விடமாட்டேன் என்கிறார்.

நீ நோய்நொடியில்லாமல் நன்றாக இருப்பாய். ஒன்று மட்டும் மறக்காதே, இனி உன் அக்கறையைப் பாட்டிலில் அடைத்து அனுப்பாதே. லீவு போட்டுவிட்டு நீ வா. அந்த மருந்தை அப்பா ஒரு வேளைகூடத் தவறாமல் எடுத்துக்கொள்வார்.

இப்படிக்கு,
இன்னும் திட்டி முடிக்காத அம்மா